ஏர் ரைபிளில் க்ரோனோகிராஃப்: பேரல் முனையில் மாட்டினால் குறி நகர்கிறது, வேறு எங்கே மாட்டலாம்?

செல்லூர்க்காரன்

வணக்கம். மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். பி.சி.பி. ரகம் (சிலிண்டரில் முன்கூட்டியே அடைத்த காற்றில் சுடுவது), 4.5 மி.மீ., 200 பார் சிலிண்டர். கொஞ்ச நாளாக ஒரே தொந்தரவு. தொடர்ந்து சுட்டால் எல்லாம் ஒழுங்காக விழுகிறது. தண்ணீர் குடிக்க, கை துடைக்க என்று ரைபிளை ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஐந்தாறு நிமிடம் கழித்து எடுத்தால் முதல் ஷாட் 12 மணிப் பக்கம், அதாவது நேர் மேலே ஏறி 10.1, 10.2 மதிப்பெண் என்று நிற்கிறது. அடுத்த ஷாட்டிலேயே இறங்கிவிடுகிறது. "பொசிஷன் மறுபடி செட் ஆகவில்லை" என்கிறார் அவளுடைய பயிற்சியாளர். "துப்பாக்கிதான்" என்கிறாள் அவள். நடுவில் நான்.

பெல்லட்டின் (ஏர் ரைபிள் குண்டின்) வேகத்தை அளந்து பார்த்தால் யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும் என்று ஒரு நண்பரிடம் க்ரோனோகிராஃப் இரவல் வாங்கினேன். பேரல் முனையில் செருகி ரப்பர் வளையத்தால் இறுக்குகிற மாடல். உள்ளே 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு அகச்சிவப்பு சென்சார். வேகம் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் மாட்டியதும் குறி இரண்டு வளையம் கீழே போய்விட்டது. சைட்டைத் திருப்பிச் சரிசெய்தால் கழற்றியதும் மறுபடி திருப்ப வேண்டியிருக்கிறது. எனக்கு வேகமும் வேண்டும், அதே ஷாட் எங்கே விழுந்தது என்பதும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழி உண்டா?

பத்துபுள்ளிஒன்பது

அண்ணே, பேரல் நுனியில் எதைத் தொங்கவிட்டாலும் அது நடக்கும். மேட்ச் ரைபிளில் பேரல் பின்பக்கம் மட்டும்தான் பிடிக்கப்பட்டிருக்கும், முன்பக்கம் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். தூண்டில் கம்பின் நுனியில் கல்லைக் கட்டினால் வளைகிற மாதிரிதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். பெல்லட் வெளியேறும்போது பேரல் அதிர்கிற விதமும் அந்த எடையால் மாறிவிடும். அதனால் வேகம் அளக்கிற அன்றைக்குக் குறியைப் பார்க்காதீர்கள், குறி பார்க்கிற அன்றைக்குக் கருவியைக் கழற்றிவிடுங்கள். நான் என் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு இது போதாது என்பதும் புரிகிறது. "இடைவெளிக்குப் பிறகு வருகிற முதல் ஷாட்" என்பது அடிக்கடி வராது. அதன் வேகமும் இடமும் ஒன்றாகத் தெரிந்தால்தான் வழக்கு முடியும்.

ஒரு சந்தேகம்: நின்றுகொண்டு சுடும்போது மாட்டினீர்களா, ரெஸ்டில் (தாங்கியில்) வைத்தா? நின்ற நிலையில் என்றால் முன்பாரம் கூடி அவள் பிடியே மாறியிருக்கும். இரண்டு வளையம் முழுவதும் பேரலின் வேலையாக இருக்காது.

செல்லூர்க்காரன்

நின்றுகொண்டுதான், மேடம். அதுவும் சேர்ந்திருக்கும்.

நாகமலை வாத்தியார்

எந்த அளவு வேக வித்தியாசம் எந்த அளவு மேலே தூக்கும் என்று முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள் தம்பி. அதற்குப் பிறகு மாட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். கல்லூரி ஆய்வகத்தில் வயதைக் கழித்தவன், பழக்கம் விடவில்லை.

பத்து மீட்டருக்குச் சராசரி வேகம் வினாடிக்கு 165 மீட்டர் என்று வையுங்கள். முனையில் 175 என்றாலும் தட்டைத்தலை பெல்லட் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், ஆகவே சராசரி குறைவு. பறக்கிற நேரம் 0.0606 வினாடி. அதற்குள் புவியீர்ப்பால் விழுவது 18 மி.மீ. வேகம் 170 ஆனால் நேரம் 0.0588, விழுவது 17 மி.மீ. ஆக, வினாடிக்கு 5 மீட்டர் கூடினால் இலக்கில் 1 மி.மீ. மேலே.

சின்னதாகத் தெரியலாம். ஏர் ரைபிள் இலக்கில் பத்தாவது புள்ளியின் விட்டமே அரை மி.மீ.தான். தசம மதிப்பெண்ணில் 0.1 என்பது 0.25 மி.மீ. அப்படியானால் 1 மி.மீ. என்றால் நான்கு தசமம். பாப்பாவின் ஷாட் ஏறுகிற அளவும் கிட்டத்தட்ட அதுதான். உங்கள் கருவி 1 மீ/வி துல்லியத்தில் ஒரே மாதிரி காட்டினால் போதும், விடை கிடைத்துவிடும். உண்மையான வேகம் 171ஆ 174ஆ என்பது இந்தக் கேள்விக்குத் தேவையே இல்லை.

கப்பலூர் லேத்

எனக்குத் துப்பாக்கி அனுபவம் என்றால் தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுட்டதோடு சரி. ஆனால் மாட்டுகிற வேலை நம்ம வேலை. ஒரு ரைபிள் படத்தைப் பார்த்துக் கேட்கிறேன்: ஸ்டாக்கின் (துப்பாக்கிக் கட்டையின்) அடியில் கை வைக்கிற இடத்தில் நீளமாக ஒரு ரெயில் ஓடுகிறதே, அது பேரலோடு சேர்ந்ததா, ஸ்டாக்கோடு சேர்ந்ததா?

பத்துபுள்ளிஒன்பது

ஸ்டாக்கோடு சேர்ந்தது. ஹேண்ட் ஸ்டாப், அதாவது முன்கை நகராமல் தடுக்கிற கட்டை, மாட்டுகிற ரெயில். பேரலுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

கப்பலூர் லேத்

அப்புறம் என்ன, அங்கேயிருந்து ஒரு கை நீட்டிவிட வேண்டியதுதானே! 20 மி.மீ. அலுமினியச் சதுரக் குழாய் ஒன்று. ரெயில் பள்ளத்துக்குள் நுழைகிற டி வடிவ நட்டு இரண்டு. ஒன்று போட்டால் கை சுற்றும், கட்டாயம் இரண்டு. குழாய் முன்னால் போய் பேரல் முனையைத் தாண்டி நிற்க வேண்டும். அதன் தலையில் ஒரு நைலான் தொட்டில், தொட்டிலில் கருவி. பேரல் முனைக்கும் கருவி வாய்க்கும் இடையே விரல் அகலம் இடைவெளி விட்டுவிட்டால் பேரலை எதுவும் தொடாது.

பட்டை வேண்டாம். தட்டையான பட்டை அந்த நீளத்துக்குத் தொங்கும், தட்டினால் ஆடும். குழாய்தான். சிலிண்டர் பேரலுக்குக் கீழே இருப்பதால் குழாயை நடுவில் ஓட்ட முடியாது, ஒரு பக்கமாக ஒதுக்கி முன்னால் போய் உள்ளே திருப்ப வேண்டும். ரெயில் பள்ளத்தின் அகலத்தை வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். ஸ்கேலில் அளந்த கணக்கோடு வராதீர்கள்.

சாலிடர்சாமி

கருவியைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். இதே ரகத்தில் ஒன்றை நானே கட்டியிருக்கிறேன், டவுன்ஹால் ரோட்டில் உதிரி பாகம் வாங்கித்தான்.

10 செ.மீ. இடைவெளியை 175 மீ/வி வேகத்தில் தாண்ட 571 மைக்ரோ வினாடி ஆகும். எல்லாம் இந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது. 16 மெகாஹெர்ட்ஸ் அர்டுயினோ யூனோ போர்டில் சாதாரண மைக்ரோஸ் கட்டளையால் நேரம் எடுத்தால் அது 4 மைக்ரோ வினாடிப் படிகளில்தான் நகரும். 571க்கு 4 என்றால் 0.7 சதவீதம், அதாவது 1.2 மீ/வி. வாத்தியார் சொன்ன 1 மீட்டர் வரம்பு அங்கேயே போச்சு. டைமரின் இன்புட் கேப்சர் வசதியைப் பயன்படுத்தினால் 0.0625 மைக்ரோ வினாடி வரை இறங்கலாம், கவலையில்லை. சென்சாரும் முக்கியம். இருட்டு வந்தால் விளக்குப் போடுகிற எல்.டி.ஆர். இதற்கு ஆகாது, அது கண் விழிப்பதற்குள் பெல்லட் இலக்கில் இருக்கும். டி.வி. ரிமோட்டின் அகச்சிவப்பு ரிசீவரும் ஆகாது, அது 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கிற ஒளியைத்தான் மதிக்கும். பி.பி.டபிள்யூ.34 மாதிரி போட்டோடயோடு வேண்டும்.

கடையில் வாங்கிய கருவி என்றால் இதெல்லாம் செய்திருப்பார்கள். உங்களைப் பிடிக்கப்போவது வெளிச்சம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். மலிவான எல்.இ.டி. பல்பும் அப்படித்தான். சென்சார் திறந்திருந்தால் அந்தத் துடிப்பும் கணக்கில் சேர்ந்து, திடீரென்று 240, 96 என்று தாறுமாறாக ஓர் எண் வரும். கருவியின் உட்சுவரில் பளபளப்பு இல்லாத கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். நேர் மேலே விளக்கு இல்லாத லேனாகப் பாருங்கள்.

பத்துபுள்ளிஒன்பது

காற்றும் ஏமாற்றும். பி.சி.பி.யில் பெல்லட்டுக்குப் பின்னால் வருகிற காற்றோடு ஈயத்தூளும் எண்ணெய்ச் சாரலும் வரும், அதையும் சென்சார் பார்க்கும். சோதிப்பது சுலபம்: பெல்லட் போடாமல், இலக்குப் பக்கம் நேராக வைத்து ஒரு முறை காற்றை மட்டும் விடுங்கள். திரையில் எண் வந்தால் அது காற்றின் எண். கருவியை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். ஸ்ப்ரிங் ரைபிளில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம், பிஸ்டன் அடிவாங்கும்.

புதுசு_மேலூர்

அண்ணன்களே, நானும் ஒரு ஏர்கன் வாங்கலாம் என்று இருக்கிறேன். டப்பாவில் 1000 எஃப்.பி.எஸ். (வினாடிக்கு 1000 அடி) என்று போட்டிருக்கிறது. கண்மாயில் கொக்கு, மடையான் அடிக்க இது போதுமா? வேகத்தைக் கூட்ட வழி இருக்கா?

நெறியாளர்

போதுமா என்ற கேள்விக்கே இடமில்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972இலிருந்து இருக்கிறது, கொக்கும் அதில் வரும். வேட்டை பற்றியோ, ஏர்கன்னின் பலத்தைக் கூட்டுவது பற்றியோ இங்கே யாரும் பதில் எழுத வேண்டாம். எழுதினால் நீக்கப்படும்.

வேகக் கணக்கு பேசுகிற இழை என்பதால் ஒன்று மட்டும். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட துளையோ 20 ஜூலுக்கு மேற்பட்ட முனை ஆற்றலோ இருந்தால் ஏர்கன்னுக்கும் உரிமம் வேண்டும். டப்பாவில் இருக்கிற 1000 அடி என்பது வினாடிக்கு 305 மீட்டர். வழக்கமான 0.53 கிராம் பெல்லட் உண்மையிலேயே அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 24 ஜூலைத் தாண்டும். கடைக்காரர் உரிமம் கேட்காமல் தருகிறார் என்றால் டப்பா எண் இறகு மாதிரி லேசான பெல்லட்டை வைத்து எடுத்ததாக இருக்கும், அல்லது வெறும் விளம்பரம்.

புதுசு_மேலூர்

சரிங்க. தெரியாமல் கேட்டுவிட்டேன். இலக்கு சுடுவது எங்கே கற்றுக்கொள்ளலாம்?

பத்துபுள்ளிஒன்பது

தனிச் செய்தி அனுப்பு தம்பி, சொல்கிறேன். முதலில் கிளப் ரைபிளில் சுட்டுப் பார், வாங்குவதெல்லாம் அப்புறம்.

நாகமலை வாத்தியார்

நெறியாளர் சொன்ன 20 ஜூல் கணக்கில் ஒரு சங்கதி. ஆற்றல் என்பது ½ × நிறை × வேகத்தின் வர்க்கம். வேகத்தில் 1 சதவீதப் பிழை ஆற்றலில் 2 சதவீதமாகும். 0.53 கிராமுக்கு 20 ஜூல் எல்லை சுமார் 275 மீ/வி. செல்லூர்த் தம்பியின் ரைபிள் 175இல் சுடுவதால் 8 ஜூல் சொச்சம், அவருக்குப் பிரச்சினை இல்லை. எல்லையோரம் இருக்கிறவர்கள் பெல்லட்டின் எடையையும் ஒழுங்காகப் போட வேண்டும். வீட்டுச் சமையல் தராசு உதவாது. தெற்கு ஆவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடை இருந்தால் ஐம்பது பெல்லட்டை ஒன்றாக நிறுத்து ஐம்பதால் வகுங்கள். ஒற்றைப் பெல்லட்டை 10 மில்லிகிராம் தராசில் வைத்தால் அதுவே 2 சதவீதம் இழுத்துவிடும்.

லேத் தம்பி சொன்ன கை நல்ல யோசனை. கருவி துப்பாக்கியோடு சேர்ந்து பின்வாங்குமே, அதனால் வேகம் தப்பாகாதா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 4.5 கிலோ ரைபிள் அரை கிராம் பெல்லட்டுக்குப் பின்வாங்குவது வினாடிக்கு 2 செ.மீ., பின்னால் வருகிற காற்றைச் சேர்த்தாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சாய்வு? கருவி 5 டிகிரி சாய்ந்திருந்தால் பெல்லட் இரு சென்சாருக்கும் இடையே போகிற தூரம் 0.4 சதவீதம் கூடும், வேகம் 0.7 மீ/வி குறைத்துக் காட்டும். எல்லா ஷாட்டுக்கும் ஒரே சாய்வு என்றால் உங்கள் ஒப்பீட்டுக்குப் பாதகமில்லை. நடுவில் நகர்ந்தால்தான் வம்பு.

செல்லூர்க்காரன்

சாய்வைவிட எனக்குப் பயம் பெல்லட் கருவியில் இடித்துவிடுமோ என்பதுதான். இரவல் பொருள். நேராக நிற்கிறது என்று எப்படி உறுதி செய்வது? கண்ணால் பார்த்தால் நேராகத்தான் தெரிகிறது.

பத்துபுள்ளிஒன்பது

கண்ணை நம்பாதீர்கள். கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறதே, சேஃப்டி கொடி! ரேஞ்சில் ரைபிள் காலி என்று காட்ட பேரல் முழுக்க விடுகிற அந்த ஆரஞ்சு நைலான் இழை. லோடிங் போர்ட் வழியாக நுழைத்து பேரல் முனையில் வெளியே வரவிடுங்கள். அப்படியே தள்ளி, கருவியின் வாயில் நுழைந்து பின்வாயில் வெளியே வரும் வரை விடுங்கள். இழை விறைப்பானது, சுருண்டிருந்தால் நேராக்கிவிட்டு விடுங்கள். முன்னாலிருந்து பார்க்க வேண்டாம், பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இழை வட்டத்தின் நடுவில் ஓடுகிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா என்று பளிச்சென்று தெரியும். இழை உள்ளே இருக்கிறவரை ரைபிளில் பெல்லட் இருக்கவும் முடியாது, இரண்டு வேலை ஒன்றாக முடிந்தது.

இழை தன் எடையில் லேசாகக் கீழே தொங்கும், அந்த அளவு கழித்துக்கொள்ளுங்கள்.

கப்பலூர் லேத்

அடடா, இது நல்ல வழி. அப்படியானால் தொட்டிலில் மேல் கீழ் நகர்த்த ஒரு நீளத் துளை, இட வலம் நகர்த்த ஒரு நீளத் துளை வைத்துவிடுகிறேன். இழையைப் பார்த்துக்கொண்டே திருகை இறுக்கிக்கொள்ளலாம். ரெயில் அளவு வந்துவிட்டது, செல்லூர் அண்ணன் அனுப்பினார். சனிக்கிழமை கரண்ட் இருந்தால் முடித்துவிடுவேன்.

சாலிடர்சாமி

ரேடார் ஒன்று வாங்கிவிட்டால் இந்தப் பாடெல்லாம் இல்லை என்பதையும் பதிந்துவைக்கிறேன். ரைபிள் பக்கத்தில் மேசையில் வைத்தால் போதும், எதையும் தொடாது. 24 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு 175 மீ/வி பெல்லட் தருகிற டாப்ளர் மாற்றம் 28 கிலோஹெர்ட்ஸ், ஒரு சாதாரணச் சிப் அளந்துவிடும். கார்மின் ஸீரோ சி1 ப்ரோ 2023இல் வந்தது, வினாடிக்கு 100 முதல் 5,000 அடி வரை பிடிக்கும். எஃப்.எக்ஸ். நிறுவனத்தின் சின்ன ரேடார் ஏர் ரைபிளுக்கென்றே வந்தது. விலைதான் இடிக்கும்.

செல்லூர்க்காரன்

விலையைப் பார்த்துவிட்டுத்தான் சாமி இரவலுக்கு வந்தேன். அந்தக் காசுக்கு அவளுக்கு ஒரு வருஷம் பெல்லட் வாங்கலாம்.

நாகமலை வாத்தியார்

காசே செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. கருவி சொல்வது சரியா என்று ஒரு தடவை சோதித்துக்கொள்ளவாவது உதவும்.

ஒன்று, ஊசல். 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் குண்டின் வேகத்தை இப்படித்தான் அளந்து எழுதினார். 200 கிராம் எடையுள்ள, உள்ளே களிமண் அடைத்த டப்பா ஒன்றை நான்கு நூலில் 1 மீட்டர் கீழே தொங்கவிடுங்கள். 0.53 கிராம் பெல்லட் 175இல் வந்து பதிந்தால் டப்பா 46 செ.மீ./வி வேகத்தில் கிளம்பி, கிட்டத்தட்ட 14.7 செ.மீ. பின்னால் போய்த் திரும்பும். பின்னால் ஒரு லேசான காகிதச் சுட்டி வைத்தால் அதைத் தள்ளி நிறுத்திவிடும், ஸ்கேலில் படிக்கலாம். ரேஞ்சில், பெல்லட் தடுப்புக்கு முன்னால் மட்டும் இதைச் செய்யுங்கள், மாடியில் வேண்டாம். டப்பாவை விளிம்பில் அடித்தால் அது சுழன்று கணக்கைக் கெடுக்கும், பெல்லட்டும் தெறிக்கும்.

இன்னொன்று, செல்போன். சுடுபவரின் பக்கத்தில் ஒலிப்பதிவு. சுட்ட சத்தத்துக்கும் இலக்கில் பட்ட சத்தத்துக்கும் இடையே உள்ள நேரத்திலிருந்து, சத்தம் 10 மீட்டர் திரும்பி வருகிற நேரத்தைக் கழித்தால் பெல்லட் பறந்த நேரம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒலியின் வேகம் 340 என்று எங்கேயோ படித்ததை வைத்துக் கழிக்கிறார்கள். ஏ.சி. இல்லாத ரேஞ்சில் சித்திரை மாதத்து 38 டிகிரியில் அது 354. சத்தம் திரும்ப 29.4 மில்லிவினாடி என்று நினைப்பீர்கள், உண்மையில் 28.2. பெல்லட் வேகம் 3 மீட்டருக்கு மேல் கூடுதலாக வந்து நிற்கும். மதுரைக்கு மதுரை வெயிலின் கணக்கைத்தான் போட வேண்டும்.

செல்போன் தருவது பத்து மீட்டரின் சராசரி வேகம், முனை வேகம் அல்ல. க்ரோனோகிராஃபைவிடக் குறைவாக வருகிறதே என்று பதற வேண்டாம்.

செல்லூர்க்காரன்

ஞாயிறு காலையில் மாட்டிவிட்டோம். லேத் தம்பியே ரேஞ்சுக்கு வந்து இறுக்கிக் கொடுத்தார். மகள் முதலில் முகத்தைச் சுளித்தாள். கருவி பேரலைத் தொடவில்லை என்று காட்ட, பேரலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே ஓர் இலக்குக் காகிதத்தை விட்டு இழுத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் ரைபிளைத் தொட்டாள்.

பெஞ்சில் ரெஸ்ட் மேல் வைத்துச் சுட்டோம், முன்பாரம் பிரச்சினை வராமல் இருக்க. கை மாட்டிய பிறகும், கழற்றிய பிறகும் குழு (ஷாட்கள் சேர்ந்து விழுகிற கூட்டம்) விழுந்த இடம் ஒன்றே. சைட்டைத் தொடவே இல்லை. பெல்லட் இல்லாமல் காற்று விட்டபோது எண் வரவில்லை.

தொடர்ந்து சுட்டபோது வேகம் 171, 172, 171, 170, 172 என்று ஒரே சீராக வந்தது. அப்புறம் ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு முதல் ஷாட்: 177. இலக்கில் நேர் மேலே. அடுத்தது 172. பத்து நிமிடம் விட்டால் 179. மறுபடி விட்டோம், மறுபடி அதே கதை. மகள் ஒன்றும் சொல்லவில்லை, என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

பத்துபுள்ளிஒன்பது

ரெகுலேட்டர் க்ரீப் அண்ணே, சந்தேகமே இல்லை. சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் சுடுவதற்கான அறைக்கு ரெகுலேட்டர் குறைத்துத்தான் விடும். அறை நிரம்பியதும் அடைத்துக்கொள்ள வேண்டும். அதன் இருக்கை தேய்ந்தாலோ, தூசி உட்கார்ந்தாலோ முழுக்க அடைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தொடர்ந்து சுட்டால் கசிய நேரம் இருக்காது. ரைபிள் சும்மா இருந்தால் அறையில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், முதல் பெல்லட் அதை வாங்கிக்கொண்டு வேகமாகப் போகும். ஐந்து நிமிடத்துக்கு 177, பத்துக்கு 179 என்று நேரத்தோடு ஏறுவதுதான் அடையாளம். பொசிஷன் தப்பு என்றால் வேகம் ஏன் ஏறுகிறது?

திறந்து பார்க்கிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். 200 பார் விளையாட்டில்லை. சர்வீசுக்கு அனுப்புங்கள், இந்த எண்களையும் எழுதி வையுங்கள், "சரியாகச் சுடவில்லை" என்று மட்டும் எழுதினால் துடைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பும்போது சிலிண்டரின் தேதியையும் பாருங்கள். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் அந்தப் பொறுப்பு சுடுபவர் தலையில்தான்.

செல்லூர்க்காரன்

சிலிண்டருக்கு இன்னும் காலம் இருக்கிறது. இன்னொன்று கேட்கணும். மாவட்டப் போட்டி பக்கத்தில் வந்துவிட்டது. சர்வீசிலிருந்து வராவிட்டால்? இடைவெளிக்குப் பிறகு காற்றை மட்டும் ஒரு முறை விட்டுவிட்டு, அப்புறம் சுடச் சொல்லலாமா?

பத்துபுள்ளிஒன்பது

பயிற்சியில் செய்யலாம். போட்டி நடுவே பெல்லட் இல்லாமல் காற்றை வெளியேற்றினால் தண்டனை உண்டு, அந்தப் பழக்கமே வேண்டாம். அதுவரை இரவல் ரைபிள் பாருங்கள். வேறு வழியில்லை என்றால் இடைவெளி விடாமல் ஒரே தாளத்தில் சுடச் சொல்லுங்கள், தண்ணீரைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

அந்தப் பயிற்சியாளரிடம் எண்களைக் காட்டுங்கள், ஆனால் "பார்த்தீங்களா" என்று ஆரம்பிக்காதீர்கள். எங்களுக்கும் மனசு இருக்கு.

செல்லூர்க்காரன்

காட்டினேன் மேடம். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கிளப்பில் இருக்கிற மற்ற இரண்டு பி.சி.பி.யையும் இதே மாதிரி பார்த்துவிடலாமா என்று கேட்டார். கை இப்போது கிளப்பில்தான் இருக்கிறது. ரைபிள் சர்வீசுக்குப் போயாச்சு.

அழகர்மலை22

இழையை இப்போதுதான் படித்தேன். என்னிடம் .22 ஸ்மால்போர் (வெடிமருந்துத் தோட்டா ரைபிள்), 50 மீட்டர் ப்ரோன், அதாவது படுத்துச் சுடுவது. இரண்டு லாட் (தயாரிப்புத் தொகுதி) தோட்டாக்களை ஒப்பிட வேண்டும். இதே கையில் இதே அகச்சிவப்புக் கருவியை மாட்டலாமா? ரெயில் எனக்கும் அதே மாதிரிதான் இருக்கிறது.

சாலிடர்சாமி

வேண்டாம். .22இல் வெடிமருந்துப் புகை, எரியாத துகள், தோட்டா மேல் இருக்கிற மெழுகு எல்லாம் முனையிலிருந்து தெறிக்கும். விரல் அகல இடைவெளியில் இருக்கிற சென்சார் சீக்கிரம் குருடாகும், அதற்கு முன்பே புகையைப் பார்த்து எண் சொல்லும். பேரலில் கட்டுகிற மேக்னெட்டோஸ்பீடு மாதிரி மின்காந்தச் சென்சாருக்குப் புகை பொருட்டில்லை, ஆனால் மறுபடி பேரலில் பாரம், மறுபடி குறி நகரும். லாட் ஒப்பிடுவதற்குக் குழுவும் வேண்டுமே உங்களுக்கு? யாரிடமாவது ரேடார் இரவல் கேளுங்கள், ப்ரோனில் பாய் ஓரமாக வைத்துவிடலாம்.

நாகமலை வாத்தியார்

ஊசலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2.6 கிராம் தோட்டா 325இல் வந்தால் 137 ஜூல். என் களிமண் டப்பா தாங்காது.

கப்பலூர் லேத்

அழகர்மலை அண்ணே, ரேடாருக்கு ஸ்டாண்டு வேணும்னா சொல்லுங்க. முதல் கை செய்தபோது வெட்டிய குழாயில் ஒரு முழம் மிச்சம் கிடக்கு.